கொல்லைப்புற ஷெட்டுக்குத் தரை சரியா இருக்கா? குறைந்த செலவில் மட்டமான தளம் போடும் வழிகள்

வீட்டுக்குக் குடிவந்து பத்து வருடம் ஆகியிருக்கும். பரண் நிரம்பிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இடமில்லை. மாடிப்படிக்குக் கீழே சைக்கிளும் பழைய மிக்ஸியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் சொல்வார், ''கொல்லையில சின்னதா ஒரு ஷெட் போட்டுடலாமே!''

மறுநாளே வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அளவெடுப்பார். ஷீட் என்ன நிறம், கதவு எந்தப் பக்கம், பூட்டு எப்படி என்று வீடே கூடிப் பேசும். தரையைப் பற்றிய பேச்சு மட்டும் கடைசியில் வரும். அதுவும் ஒரே வரியில் முடிந்துவிடும்... ''நாலு கல்லைப் போட்டு மட்டம் பண்ணிக்கலாம்.''

அந்த நாலு கல்லின் லட்சணம் ஐப்பசி மழையில் தெரியும். ஒரு மூலை அரை இன்ச் இறங்கும். சட்டம் லேசாகக் கோணும். கதவு இழுத்தால் வராது. ஷீட்டுக்கும் தரைக்கும் நடுவே விழுந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். தை மாதம் திறந்து பார்த்தால் பிள்ளைகளின் பழைய புத்தகக்கட்டில் கரையான் மண் ஏறியிருக்கும். தகரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே இருந்தவைதான் போயிருக்கும்.

ஷெட் என்றாலே வேண்டாத சாமான் கிடக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். தையல் மெஷினும் துணிக்கட்டும் வைத்திருக்கும் பெண்கள், ஊறுகாய், வடாம் போட்டு விற்பவர்கள், வாடகைப் பாத்திரக்காரர்கள், விதைநெல் வைத்திருக்கும் விவசாயிகள் எனப் பலருக்கும் அந்த எட்டுக்குப் பத்து அடி ஷெட்தான் குடோன். அது நனைந்தால் ஒரு சீசன் வருமானமே நனைகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், நல்ல தளத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. எல்லா இடத்துக்கும் கான்கிரீட்டும் தேவையில்லை. மண்ணைப் பார்த்து, மட்டம் பார்த்து, தண்ணீருக்கு வழிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் இடம்!

மழை நன்றாகப் பெய்யும் ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரிந்துவிடும். தேங்கும் மூலையையும் ஓடும் பாதையையும் விட்டுவிடுங்கள். மழை இல்லாத நாள் என்றால் மதில் சுவரைப் பாருங்கள். பழைய வெள்ளம் நின்ற உயரத்தில் அழுக்குக்கோடு இருக்கும். உங்கள் தளம் அந்தக் கோட்டைவிட மேலே இருக்க வேண்டும்.

வாஸ்து பார்க்கிறவர்கள் வடகிழக்கு மூலையைத் தவிர்ப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால், தண்ணீர் தேங்கும் மூலையை எல்லோருமே தவிர்க்க வேண்டும்.

இன்னும் சில இடங்களும் கூடாது.

* செப்டிக் டேங்க் மூடி மேல் ஷெட் வரவே கூடாது. டேங்கைச் சுத்தம் செய்ய வழி இருக்காது. அந்த மூடி பாரம் தாங்குவதற்காகப் போட்டதும் அல்ல.
* மழைநீர் சேகரிப்புக் குழியை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.
* புதிதாக மண் கொட்டி மூடிய பழைய கிணறு, குப்பைக்குழி, உறைகிணறு இருந்த இடங்களில் மண் பல வருடம் கழித்தும் இறங்கும்.
* பெரிய மரத்துக்குப் பக்கத்தில் வேர் தளத்தைத் தூக்கும். தென்னைக்குக் கீழே என்றால் மட்டையும் காயும் கூரை மேல் விழும்.

மதிலை ஒட்டிப் போடும்போது கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வருடப் பழக்கம்கூட இந்த ஒரு விஷயத்தில் முறிந்திருக்கிறது. வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில் கட்டுமானம் செய்வதற்கு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் உங்கள் ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

உங்கள் மண் என்ன மண்?

ஒரே மாதிரி தளம் எல்லா ஊருக்கும் ஒத்துவராது. முதலில் மண் என்னவென்று தெரிய வேண்டும். அதற்கு லேப் எல்லாம் வேண்டாம். ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்து, அடியில் இருக்கும் மண்ணில் ஒரு பிடி எடுங்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்துத் திரி போல உருட்டுங்கள்.

திரியே வராமல் உதிர்ந்தால் மணல் மண். கொஞ்சம் உருண்டு பிறகு உடைந்தால் செம்மண் அல்லது சரளை கலந்த மண். மெல்லிய திரியாக நீண்டு, வளைத்தாலும் உடையாமல் இருந்தால் களிமண் அல்லது கரிசல்.

அடுத்து, அதே குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் தளத்தைக் கூடுதலாக உயர்த்த வேண்டும்.

செம்மண், சரளை மண் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நன்றாக இடித்து இறுக்கினால் அப்படியே நிற்கும். கடற்கரைப் பக்கத்து மணலும் தண்ணீரை வடித்துவிடும். ஆனால் பக்கவாட்டில் சரியும். அதனால் நான்கு பக்கமும் தடுப்புக் கட்டு அவசியம்.

சிக்கல் கரிசலில்தான். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மழையில் அந்த மண் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் மெல்லிசாகக் கான்கிரீட் போட்டால், மண் எழுந்து இறங்கும்போது தளமும் சேர்ந்து விரிசல் விடும். எனவே கரிசலில் மேல் மண்ணை ஒன்று முதல் ஒன்றரை அடிவரை எடுத்துவிட்டு, கிராவல் மண் நிரப்பி இறுக்க வேண்டும். அதன் மேல், கான்கிரீட்டைவிடப் பேவர் கல் தளம் பொருத்தம். ஓரிடத்தில் இறங்கினாலும் கல்லைப் பெயர்த்து, மணல் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

நூல் கட்டி, மூலை பார்த்து...

எட்டுக்குப் பத்து அடி ஷெட் போடுவதாக வைத்துக்கொள்வோம். தளம் நான்கு பக்கமும் அரை அடி கூடுதலாக, 9-க்கு 11 அடியில் இருக்கட்டும். கூரையிலிருந்து விழும் தண்ணீர் மண்ணை அரித்தாலும் ஷெட்டின் கால் வரை வராது.

நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறியிடுங்கள். அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. கடைசியாக, எதிரெதிர் மூலைகளைக் குறுக்கே அளந்து பாருங்கள். 9-க்கு 11 அடியில் இரண்டு குறுக்களவும் 14 அடி இரண்டரை இன்ச் வர வேண்டும். ஒன்று கூடி, மற்றொன்று குறைந்தால் தளம் கோணல். இப்போது திருத்துவதற்கு முளைக்குச்சியை நகர்த்தினால் போதும். ஷெட் நின்ற பிறகு என்றால் வெல்டிங்கையே அறுக்க வேண்டும்.

மட்டம் பார்க்க ஒரு டியூப் போதும்

வெறும் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் கொல்லையில்கூட நாலைந்து இன்ச் ஏற்ற இறக்கம் இருக்கும். ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தால் அது வைத்த இடத்தை மட்டும்தான் சொல்லும். பத்தடி தள்ளி என்ன நிலைமை என்று சொல்லாது. அதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்துவது டியூப் லெவல். முப்பது, நாற்பது அடி நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

டியூபில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஒரு முனையை முதல் முளைக்குச்சியில் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். முதல் முனை அந்தக் கோட்டிலேயே நிற்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்ற முனையைக் கொண்டுபோய் மற்ற மூன்று குச்சிகளிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். நான்கு கோடுகளும் இப்போது ஒரே மட்டம்.

ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தரைவரை அளந்து பாருங்கள். 12, 13, 15, 17 இன்ச் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 12 வந்த மூலை மேடு. 17 வந்த மூலை பள்ளம். வித்தியாசம் 5 இன்ச்.

தளத்தின் மேல்மட்டம் மேடான மூலையில் தரையிலிருந்து 6 இன்ச் உயரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால், நான்கு குச்சியிலும் தண்ணீர்க்கோட்டுக்கு 6 இன்ச் கீழே இரண்டாவது கோடு போட்டுவிடுங்கள். அதுதான் உங்கள் தளத்தின் தலைமட்டம். பள்ளமான மூலையில் அது தரையிலிருந்து 11 இன்ச் உயரத்தில் இருக்கும். இனி எல்லா வேலையும் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

வெட்டிய மண் அமராது... கொட்டிய மண் அமரும்!

புல், வேர், மக்கிய இலை கலந்த மேல் மண்ணை 4 இன்ச் ஆழத்துக்கு முழுக்க எடுத்துவிடுங்கள். அதை வீணாக்க வேண்டாம். செடிகளுக்கு நல்ல மண். ஆனால் தளத்துக்கு அடியில் அது மக்கி, இறங்கி, கரையானுக்குத்தான் சாப்பாடாகும்.

இப்போது தோண்டிய மட்டத்திலிருந்து தலைமட்டக் கோடுவரை சராசரியாக 12 இன்ச் இருக்கும். அதாவது 9 x 11 x 1 அடி. மொத்தம் 99 கன அடி. கிட்டத்தட்ட ஒரு யூனிட். எம்-சாண்ட், ஜல்லி, கிராவல் எல்லாம் 100 கன அடியை ஒரு யூனிட்டாக வைத்துத்தான் விற்கிறார்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். அளவு மாறாது. கையில் அளவோடு போனால் ஒரு லோடு தேவைப்படும் இடத்தில் இரண்டு லோடு இறங்காது.

முதலில் நான்கு பக்கமும் தடுப்புக் கட்டு. 16-க்கு 8-க்கு 6 இன்ச் சாலிட் பிளாக்கில் இரண்டு வரிசை வைத்தால் 60 கல் பிடிக்கும். பள்ளமான பக்கம் கூடுதலாக ஒரு வரிசை தேவைப்படலாம். 75 கல் என்று கணக்கிடலாம். இதைப் பூச வேண்டிய அவசியமில்லை. அடிக்கல் இறுகிய மண்ணில் உட்கார்ந்திருப்பதுதான் முக்கியம். பேவர் தளம் போடுவதாக இருந்தால், கட்டின் அடிப்பக்கத்தில் ஆங்காங்கே ஒரு இன்ச் பைப் துண்டு வைத்துவிடுங்கள். உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும்.

உள்ளே நிரப்பும் கிராவலை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. 6 இன்ச்சுக்கு மேல் இல்லாமல் ஒரு அடுக்கு. லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். குதிகாலை ஊன்றி மிதித்தால் தடம் விழக் கூடாது. அப்புறம்தான் அடுத்த அடுக்கு. பெரிய இடம் என்றால் மண் இறுக்கும் மெஷின் நாள் வாடகைக்குக் கிடைக்கும். இடித்தால் மண் அளவில் குறையும் என்பதால், கணக்கைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள்.

தளம் சாய்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடிப்பு வேலையைக் குறைத்துக்கொண்டதுதான். இதற்குப் பொருள் செலவு இல்லை. உடல் உழைப்பும் பொறுமையும்தான் செலவு.

மூன்று வழிகள்... உங்களுக்கு எது?

1. கால் வைத்த தளம்

நான்குக்கு ஆறு அடி போன்ற சின்ன ஷெட்டுக்கு இதுவே போதும். அந்தக் காலத்து வீடுகளில் நெல் போட்டுவைத்த பத்தாயத்துக்குக் கால் வைத்து உயர்த்தியிருப்பார்கள். அடியில் காற்று ஓடும். ஈரம் ஏறாது. அதே யோசனைதான்.

இரண்டடி இடைவெளியில் 9 இன்ச் கனத்தில் மூன்று குட்டிச் சுவர்கள். ஒவ்வொன்றும் ஆறு அடி நீளம், நான்கு வரிசை செங்கல். மூன்று சுவருக்கும் சேர்த்து 200 செங்கல் போதும். ஒவ்வொரு சுவருக்கும் அடியில் 4 இன்ச் கனத்துக்கு ஜல்லிக் கான்கிரீட். மேலே கடப்பாக் கல் பலகைகள், 24 சதுர அடி. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் சுவரின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து மட்டம் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால், கடப்பாக் கல் அதிகப் பாரம் தாங்காது. பீரோ, அரிசி மூட்டை அடுக்கும் ரேக் போன்றவற்றின் கால்கள் சுவருக்கு நேர் மேலே வருமாறு வையுங்கள். அடியில் உள்ள இடைவெளிக்குக் கம்பி வலை அடித்துவிட்டால் எலியும் பாம்பும் குடிவராது.

2. ஜல்லி அடுக்கும் பேவர் கல்லும்

நடுத்தர ஷெட்டுக்கும், கரிசல் மண்ணுக்கும், தாங்களே வேலை செய்ய நினைப்பவர்களுக்கும் இது ஏற்றது. நம் 12 இன்ச் கணக்கை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடியில் 4 இன்ச் கிராவல், நடுவில் 4 இன்ச் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் கலந்த அடுக்கு, மேலே ஒன்றரை இன்ச் எம்-சாண்ட், அதன் மேல் 60 மி.மீ பேவர் கல்.

* கிராவல்: 33 கன அடி. இறுக்கத்துக்குச் சேர்த்து 41.
* ஜல்லி, டஸ்ட் கலவை: அதே அளவு.
* எம்-சாண்ட்: சுமார் 13 கன அடி.
* பேவர் கல்: 99 சதுர அடி. உடைசலுக்குச் சேர்த்து 105.

மணலை நீளமான மட்டப் பலகையால் இழுத்துச் சமப்படுத்திவிட்டு அதன் மேல் கால் வைக்காதீர்கள். பதித்த கல் மேல் நின்றுகொண்டே அடுத்த கல்லை வைத்துப் போக வேண்டும். கடைசியில் இடுக்குகளில் உலர்ந்த மணலைத் தூவிப் பெருக்கினால் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சிமென்ட் தேவையில்லை. தண்ணீர் விட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். மறுநாளே ஷெட் ஏறலாம். வீடு மாறினால் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டும் போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

3. கான்கிரீட் தளம்

மோட்டார், மாவு மெஷின், பைக், நெல் மூட்டை என்று பாரம் அதிகமிருந்தால் கான்கிரீட்தான் சரி. 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்தாலே ஒரே இடத்தில் 200 கிலோ உட்காரும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அடியில் 8 இன்ச் கிராவல், சுமார் 66 கன அடி. இறுக்கத்துக்குச் சேர்த்து 83. அதன் மேல் கனமான கறுப்பு பாலிதீன் ஷீட். ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும். அதன் மேல் 4 இன்ச் கான்கிரீட். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு எம்-சாண்ட், ஆறு பங்கு ஜல்லி என்றால் 4 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம்-சாண்ட், 31 கன அடி ஜல்லி தேவை. பைக்கோ மெஷினோ ஏறும் என்றால் 1:2:4 கலவைக்குப் போய்விடுங்கள். சிமென்ட் 6 மூட்டை ஆகும். மற்ற இரண்டும் ஏறக்குறைய அதே அளவுதான்.

கலவையில் தண்ணீரை அதிகம் விட்டால் இழுத்து நிரப்பச் சுலபமாக இருக்கும். ஆனால் பலம் குறைந்துவிடும். இந்த விஷயத்தில் மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். போட்ட மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகே ஷெட் நிறுத்தலாம். கனமான சாமான்களை இன்னும் சில வாரம் கழித்து ஏற்றுவது நல்லது. கான்கிரீட் தன் பலத்தை எட்ட 28 நாள் என்பது பொதுக்கணக்கு.

காற்றை மறந்துவிடாதீர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் எத்தனையோ தகரக் கூரைகள் பறந்தன. ஷெட் எடை குறைவானது. கதவிடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் மேல்நோக்கித் தூக்கும். தளம் ஷெட்டைத் தாங்கினால் மட்டும் போதாது, பிடித்தும் வைத்திருக்க வேண்டும்.

கான்கிரீட் தளம் என்றால், ஈரமாக இருக்கும்போதே நான்கு மூலைகளிலும் நீளவாக்கின் நடுவிலும் ஜே வடிவ போல்ட்டுகளைப் புதைத்துவிடுங்கள். வெல்டிங்காரரிடம் முன்கூட்டியே கால்களின் இடத்தைக் குறித்து வாங்கிக்கொள்வது அவசியம். பேவர் தளத்தில், மூலைக்கு ஒன்றாக ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி எடுத்து, அதில் கால்களை நிறுத்திக் கான்கிரீட் போட வேண்டும். பேவர் கல் மேல் வெறுமனே வைத்த ஷெட் புயலுக்கு நிற்காது. கால் வைத்த தளத்துக்கும் இதே மாதிரி குழிக் கால்கள் வேண்டும்.

தண்ணீரும் கரையானும்

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை பெய்தது. அந்த மாதிரி வெள்ளத்துக்கு அரை அடித் தளம் பதில் சொல்லாது. ஆனால் வருடாவருடம் வரும் சாதாரண மழைக்கு அது பதில் சொல்லும். கிடைத்த உயரத்தையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்றால், சாமானைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயர ரேக்கில் தொடங்குங்கள்.

தளத்தைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெளிப்பக்கம் சரிவாக்கிவிடுங்கள். அடிக்கு கால் இன்ச் சரிவு போதும். கூரை விளிம்பில் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு வரிசை ஜல்லி கொட்டினால் சேறு தெறிக்காது.

கரையான் மண்ணிலிருந்துதான் ஏறும். தளத்தின் ஓரத்தில் மண்ணோ, விறகோ, அட்டைப்பெட்டியோ குவிக்காதீர்கள். தடுப்புக் கட்டின் வெளிப்பக்கம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், கரையான் மண்கோடு போட ஆரம்பித்ததும் பார்த்துவிடலாம். மருந்து அடிப்பதாக இருந்தால் கிராவல் நிரப்பி முடித்த பிறகு, தளம் மூடும் முன்பு அடிக்க வேண்டும். அதைப் பழக்கமுள்ளவர்களிடம் விடுங்கள். பக்கத்தில் கிணறோ போரோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்... எங்கே கூடாது?

மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. பக்கத்தில் வீடு இடிக்கிறார்கள் என்றால், கான்கிரீட் கட்டியும் செங்கல் துண்டும் வண்டி வாடகைக்கே கிடைக்கும். கைப்பிடி அளவுக்கு உடைத்து, இடுக்கில் கிரஷர் டஸ்ட் நிரப்பி இடித்தால் கிராவலின் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். அதில் மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கக் கூடாது. மரம் மக்கினால் தளம் இறங்கும், கரையானும் வரும். பேவர் கல்லில் பழையதோ நிறம் கலந்ததோ வாங்கினால் விலை குறையும். ஷெட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

மேல் மண் எடுப்பது, நூல் கட்டுவது, மட்டம் பார்ப்பது, நிரப்பி இடிப்பது... இவற்றை வீட்டில் இருவர் சேர்ந்து இரண்டு வார இறுதிகளில் செய்துவிடலாம். கான்கிரீட் போடும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கொத்தனாரையும் சித்தாள்களையும் கூப்பிட்டால் கூலி வெகுவாகக் குறையும்.

குறைக்கக் கூடாதவை நான்குதான். மண்ணை இறுக்குவது, உயரம், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது, ஷெட்டைத் தளத்தோடு பிணைப்பது.

கொத்தனாரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வேலையை மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடுகிறீர்களா? பணம் பேசும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. மேல் மண்ணை எத்தனை இன்ச் எடுப்பீங்க?
2. நிரப்புற மண்ணை எத்தனை அடுக்கா போட்டு இடிப்பீங்க?
3. தளம் முற்றத்து மண்ணைவிட எவ்வளவு உயரம் வரும்?
4. கலவை என்ன விகிதம்? மொத்தம் எத்தனை மூட்டை சிமென்ட்?
5. ஷெட்டுக் காலுக்கு போல்ட் வைக்கிறது உங்க வேலையா, வெல்டிங்காரர் வேலையா?

கடைசிக் கேள்வியில்தான் பல வீடுகளில் கோட்டைவிடுகிறார்கள். இருவரும் அது அடுத்தவர் வேலை என்று நினைத்திருப்பார்கள். கான்கிரீட் காய்ந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

எப்போது ஆரம்பிக்கலாம்?

ஐப்பசி அடைமழைக்குள் ஷெட் நின்றுவிட வேண்டும் என்றால், ஆடி, ஆவணியிலேயே தள வேலையைத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. புரட்டாசியில் வரும் இரண்டு மூன்று மழையில் வெறும் தளம் நனையும். தண்ணீர் எங்கே நிற்கிறது, ஏதாவது மூலை இறங்குகிறதா என்று டியூப் லெவலை வைத்து மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம். சரியில்லை என்றால் அப்போது திருத்துவது ஒரு நாள் வேலைதான்.

தளம் அந்த மழையில் தேறியதும் வெல்டிங்காரருக்கு போன் போடுங்கள். ஷீட்டின் நிறத்தை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.